இளவரசியின் கறுப்பு இறகுகள்

ஓர் ஏரியைப் பூநாரைகளின் அரசர் ஆண்டுவந்தார். அவருடைய ஒரே மகள் செம்மலர். தினமும் காலையில் அவள் கரையோர மண்திட்டில் ஏறி நிற்க வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பிராணிகள் எல்லாம் அவளைப் பார்த்துவிட்டுத்தான் இரை தேடப் போகும். அது அந்த ஏரியின் வழக்கம்.

ஒருநாள் ஓர் அணில் தயங்கித் தயங்கி முன்னால் வந்தது.

“இளவரசிம்மா, என் குட்டிக்குக் குளிருது. கூட்டுல வைக்க ஒரே ஒரு இறகு கிடைக்குமா?”

செம்மலர் தன் முதுகிலிருந்து ஓர் இளஞ்சிவப்பு இறகைப் பிடுங்கிக் கொடுத்தாள். சுருக்கென்று வலித்தது. ஆனால் அணிலின் முகத்தைப் பார்த்ததும் வலி மறந்துபோனது.

மைனா சும்மா இருக்குமா? மரத்துக்கு மரம் பறந்து சொல்லிவிட்டது. மறுநாள் கரையில் நிற்க இடமில்லை.

“அணிலுக்கு மட்டும்தானா? நாங்க என்ன பாவம் பண்ணினோம்?” என்றது தவளை.

“நீயே நாள் முழுக்க ஈரத்துல கிடக்கிறவன்! உனக்கு எதுக்குடா இறகு?” என்றது ஓணான்.

“வீட்டு வாசல்ல மாட்டி வைப்பேன். உனக்கென்ன?”

எல்லாம் சிரித்தன. செம்மலரும் சிரித்தாள். தவளைக்கு ஒன்று கொடுத்தாள். ஓணானுக்கும் கொடுத்தாள். பத்தே நாளில் அவள் முதுகு மொட்டையாகிவிட்டது.

பதினோராம் நாள் மைனா புதுச் செய்தி கொண்டுவந்தது.

“சிவப்பு இறகெல்லாம் சும்மா! இறக்கைக்குள்ள கறுப்பு இறகு ஒளிஞ்சிருக்கு. அதுதான் அசல் ராஜ இறகு!”

செம்மலர் இறக்கைகளை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்தக் கறுப்பு இறகுகள் இருந்தால்தான் அவளால் பறக்க முடியும். “அது மட்டும் வேண்டாமே!” என்றாள்.

“பார்த்தீங்களா தலைக்கனத்தை! நாம தினமும் கால்கடுக்க நிக்கலைன்னா இவ யாரு?” என்று ஒரு கீரி கத்தியது.

அவள் அரசரிடம் ஓடினாள். “அப்பா, கோடையில ஏரி வத்திடுமே! பறந்து போக எனக்கு இறகு வேணும்ப்பா!”

அரசர் கரையில் நின்ற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்குள்ள முளைச்சிடும் அம்மா. ஜனங்க முகம் சுளிச்சா நமக்கு ஏது மரியாதை? போய்ச் சிரிச்ச முகமா நில்லு.”

நின்றாள். இறக்கையை விரித்தாள். ஒவ்வொரு பிராணியும் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. எதுவும் இரண்டு கேட்கவில்லை.

கோடை முந்திக்கொண்டது. ஏரி சேறாகியது. ஒரு காலையில் பூநாரைக் கூட்டம் மொத்தமும் கிளம்பியது. செம்மலரும் சேற்றில் ஓடினாள். இறக்கையை அடித்தாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள். மறுபடி விழுந்தாள்.

கரையில் ஆரவாரம் எழுந்தது. “ஆஹா! இளவரசி ஆடுறாங்க! இன்னொரு தடவை!”

“ஆடலை! என்னால பறக்க முடியலை!”

அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அரசர் மட்டும் தாழப் பறந்து வந்தார். “அழாதே அம்மா. எல்லாரும் பார்க்கிறாங்க” என்றார். பிறகு கூட்டத்தோடு போய்விட்டார்.

அன்று அணில் தன் இறகைக் கவ்விக்கொண்டு வந்தது. “இதைத் திரும்ப ஒட்டிக்க முடியுமா, இளவரசிம்மா?”

செம்மலர் அதை வாங்கி முதுகில் வைத்துப் பார்த்தாள். காற்று அதைக் கீழே தள்ளியது.

“முடியாது அணிலக்கா. குட்டிக்கே இருக்கட்டும்.”

மூன்றாம் நாள் நரி வந்தது. ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லை. எல்லோருக்கும் தெரியும்படி இருந்த அந்த மண்திட்டு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலையிலும் கூட்டம் வழக்கம்போல் கூடியது. திட்டின்மேல் மிச்சமிருந்த இறகுகள் சிதறிக் கிடந்தன. “ஐயோ, நம்ம இளவரசி!” என்று எல்லாம் விம்மி விம்மி அழுதன. பிறகு, ஞாபகமாக இருக்கட்டும் என்று ஆளுக்கு ஓர் இறகை எடுத்துக்கொண்டு போயின.

நான் எடுப்பது கொஞ்சம்தானே என்று ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டே போனால், நேசிக்கிறவர்கள் கையாலேயே ஓர் உயிர் அழிந்துபோகும்.