வெட்டி வேலையும் கடைசி வயலும்

மருதங்காட்டில் ஏரிக்குக் கீழே இருந்த நிலம் முழுவதும் கொம்பையன் என்னும் காட்டுப்பன்றிக்குச் சொந்தமாக இருந்தது. முயல்கள் அதில் உழைத்தன. விளைந்ததில் பெரும்பங்கு பன்றிக்குப் போயிற்று. அது போதாதென்று, கோடைதோறும் ஏரி வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்பும் முயல்களுடையதே. அதற்குக் கூலி கிடையாது. ஆகையால் அதனை வெட்டி வேலை என்று சொல்லி முயல்கள் வெறுத்தன.

ஒரு நாள் சிங்கராசா, உழைப்பவருக்கே நிலம் என்று ஆணையிட்டார். பன்றியின் நிலம் அளக்கப்பட்டுக் குடும்பத்துக்கு ஒரு துண்டாக வழங்கப்பட்டது. வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் இருந்த துண்டு நெடுஞ்செவியன் என்னும் முயலுக்குக் கிடைத்தது. கடைசித் துண்டு, துணையை இழந்து குட்டிகளோடு வாழ்ந்த செவந்தி என்னும் முயலுக்குக் கிடைத்தது.

பன்றிக்கு ஏரிக்கரை மேடு மட்டுமே மிஞ்சியது. அது சண்டைக்கு வரவில்லை. கோடையில் முயல்கள் மண்வெட்டியோடு புறப்பட்டபோது எதிரே வந்து கும்பிட்டது.

"என்ன பண்ணையார்களே, சொந்த நிலம் வந்த பிறகும் வெட்டி வேலையா?"

முயல்களுக்கு வெட்கமாகப் போயிற்று. திரும்பிச் சென்று கூட்டம் கூடின. இனி எக்காலத்தும் அவ்வேலையைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தன. எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியது செவந்திதான்.

மழை பெய்து ஏரி நிறைந்தது. வாய்க்காலிலோ சேறும் கோரையும் மண்டிக் கிடந்தன. நெடுஞ்செவியனின் வயலைத் தாண்டித் தண்ணீர் நகரவில்லை. செவந்தியின் கேழ்வரகு கதிர் விடும் முன்பே வாடியது.

பன்றி செவந்தியிடம் வந்தது. "நிலத்தை என்னிடமே விட்டுவிடு தாயி. பழையபடி விளைச்சலில் எனக்குப் பங்கு தந்து வாரத்துக்குப் பயிர் செய். தண்ணீருக்கு நான் பொறுப்பு."

செவந்தி தன் குட்டிகளைப் பார்த்தது. சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, தண்ணீர் எப்படி வரும் என்று மட்டும் கேட்டது.

"இது என்ன கேள்வி? நீங்கள் எல்லோரும் வாய்க்காலைத் தூர்வாருவீர்கள். தண்ணீர் வரும்!"

செவந்தி நேரே நெடுஞ்செவியனிடம் சென்று, தூர்வார வரும்படி அழைத்தது. தன் வயலில் ஈரம் இருக்கும்போது தான் ஏன் சேற்றில் இறங்க வேண்டும் என்று நெடுஞ்செவியன் கேட்டது.

"இறங்க வேண்டாம் அண்ணே. என் நிலம் பன்றிக்குப் போகப் போகிறது. மேட்டிலிருந்து அது தினமும் எந்த வழியாக அங்கே வரும்?"

நெடுஞ்செவியன் தன் வரப்பைப் பார்த்தது. வேறு வழி இல்லை. பன்றி நடந்தால் வரப்பும் இராது, பயிரும் இராது. நெடுஞ்செவியன் மண்வெட்டியைத் தேடி எடுத்தது. மற்ற முயல்களையும் அதுவே போய் அழைத்து வந்தது.

பன்றி கரைமேல் வந்து நின்று சிரித்தது. "பண்ணையார்கள் மறுபடியும் வெட்டி வேலைக்கு வந்தாயிற்றா?"

செவந்தி சேற்றிலிருந்து நிமிர்ந்தது. "அன்று உமக்காக வெட்டினோம், அது வெட்டி. இன்று எங்களுக்காக வெட்டுகிறோம். சற்றுத் தள்ளி நில்லும், சேறு தெறிக்கும்."

மாலையில் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. கேழ்வரகு தலை நிமிர்ந்தது.

அடிமையாய் இருந்தபோது செய்த வேலை என்பதற்காகத் தமக்கு வேண்டிய வேலையையும் வெறுப்பவர், பெற்ற நிலத்தைத் தம் கையாலேயே திருப்பிக் கொடுப்பவர் ஆவர்.