பதின்மூன்றும் ஒன்றும்

பவளந்தீவு கூட்டரசோடு சேர்ந்திருப்பதா, பிரிவதா என்று மக்களிடம் ஓட்டுக் கேட்ட வருஷம் அது. பிரிய வேண்டும் என்ற பக்கம் இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தது.

பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்றார்கள் தோற்றவர்கள். மறுபடி எண்ணச் சொல்பவன் துரோகி என்றார்கள் ஜெயித்தவர்கள். தேநீர்க்கடைக்குள் ஒருவர் நுழைந்தால் உள்ளே பேச்சு நின்றது. மீன் வாங்கப் போனவர்கள்கூட, விற்கிறவள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டுதான் கூடைக்குள் கையை விட்டார்கள்.

ஊருக்கு மேலே குன்றில் ஒரு மடம் இருந்தது. மரகதம் அம்மையார் அதன் தலைவி. வயது நாற்பத்தைந்துதான். அவரிடம் பாடம் கேட்க வந்து தங்கியவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அருளம்பலம் அவர்களில் ஒருவர். முப்பது வருஷம் படகுத்துறையில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று துறையில் பெயர். மகளைக் கூட்டரசின் பெருந்தீவில் கட்டிக்கொடுத்திருந்தார். நாடு பிரிந்தால் அவளைப் பார்க்கப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். சேர்ந்திருக்கத்தான் அவர் ஓட்டுப் போட்டார்.

மடத்தில் இறங்கி ஏற முடியாதவர்கள் இருந்ததால் ஓட்டுப் பெட்டியை மேலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதனால் மடத்தின் முடிவு தனியாக வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய தாளில் ஒரே வரி. குன்று மடம்: சேர்ந்திருக்க 13, பிரிய 1.

ஊர்க்காரர்கள் அந்தப் பதின்மூன்றைப் பார்த்தார்கள். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் மடத்தின்மேல் கல் விழுந்தது. கூடத்து ஜன்னல் கண்ணாடி இரண்டு நொறுங்கியது.

அருளம்பலம் அந்த ஒன்றைப் பார்த்தார்.

கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து மாட்டுக் கொட்டிலைப் பார்த்தார். அதன் கூரை ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கொட்டிலில் படுத்துக்கொள்பவர் முத்துக்குமாரு. மடத்துப் பசுவைப் பார்த்துக்கொள்பவர். மிச்சப் பாலைக் கீழே கொண்டுபோய் விற்பவரும் அவர்தான். கல்லெறியும் பையன்கள் அவரிடம் பால் வாங்கும் வீட்டுப் பையன்கள்.

அருளம்பலம் யாரிடமும் எதையும் அடித்துச் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம், "கொட்டில்மேல மட்டும் கல் விழலையே, கவனிச்சீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஐந்து டம்ளர் பால் தொடாமல் இருந்தது. அதற்கு மறுநாள் ஒன்பது. முத்துக்குமாரு டம்ளர்களைப் பார்த்தார். பாலைக் கன்றுக்கு ஊற்றிவிட்டு, இருந்த இரண்டு வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு குன்றை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

அருளம்பலம் அம்மையாரிடம் போனார்.

"அம்மா, அந்த ஒரு ஓட்டு யாருடையது?"

அம்மையார் கிழிந்த ஏடொன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். "எதற்குக் கேட்கிறீர்கள்?"

"நம்மோடு சாப்பிட்டு நம்மையே காட்டிக்கொடுக்கிறவன் யார் என்று தெரிய வேண்டாமா? முத்துக்குமாருதான். சந்தேகமே இல்லை. இல்லையென்றால் ஏன் ஓடிப்போக வேண்டும்?"

"அவரிடம் கேட்டீர்களா?"

"கேட்டால் இல்லையென்றுதானே சொல்வார்."

"கேட்காமலே எப்படித் தெரிந்தது?"

"முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன் அம்மா நான். பார்த்தாலே தெரியும்."

அம்மையார் பசைக் கிண்ணத்தை மூடினார். "சரி. அவரைப் பார்த்த கண்ணாலேயே மூன்று நாள் என்னைப் பாருங்கள். பார்த்ததை வந்து சொல்லுங்கள்."

அருளம்பலம் சிரித்தார். அம்மா விளையாடுகிறார் என்று நினைத்தார். ஆனாலும் சொன்னதைச் செய்தார்.

முதல் நாள் மாலையிலும் கல் விழுந்தது. முத்துக்குமாரு போய்விட்டார். கல் மட்டும் நிற்கவில்லை. கொட்டில்மேல் இப்போதும் விழவில்லை. அருளம்பலம் கொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியானால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது.

இரண்டாம் நாள் அம்மையார் தனியாகக் கீழே இறங்கினார். வழக்கமாக யாரையாவது துணைக்குக் கூப்பிடுவார். அன்று கூப்பிடவில்லை. அருளம்பலம் தள்ளியே பின்னால் போனார். அம்மையார் நேராக நடேசுவின் கடைக்குள் போனார். பிரிவினைக்காரர்களின் ஊர்வலங்களை முன்னின்று நடத்தியவன் நடேசு. கல்லெறிகிற பையன்கள் அவன் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவனோடு அரைமணி நேரம் பேசினார். வெளியே வரும்போது கையில் சாக்கில் சுற்றிய தட்டையான ஒரு பொருள் இருந்தது. நடேசு வாசல்வரை வந்து கும்பிட்டான். அம்மையார் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அருளம்பலத்தின் நெஞ்சில் ஆணிபோல் இறங்கியது.

மூன்றாம் நாள் அம்மையார் வலைஞர் தெருவுக்குப் போனார். கூரையில் பிரிவினைக் கொடி கட்டிய ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இருபுறமும் பார்த்துவிட்டு நடந்தார். அந்த இருபுறமும் பார்க்கும் பார்வை அருளம்பலத்துக்கு நன்றாகத் தெரியும். டிக்கெட் எடுக்காதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஐந்து வருஷமாக இந்தப் பெண்மணியின் காலடியில் உட்கார்ந்து கேட்டது எல்லாம் நடிப்பா? குன்றேறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். அம்மையார் கடைசியில் வந்து உட்கார்ந்தார். அருளம்பலம் எழுந்து நின்றார்.

"அம்மா, பார்த்ததை வந்து சொல்லச் சொன்னீர்கள். இங்கேயே சொல்லட்டுமா?"

"சொல்லுங்கள்."

"அந்த ஓட்டு உங்களுடையது. நடேசுவின் ஆள் நீங்கள். அந்தச் சாக்கில் என்ன இருந்தது? கொடி கட்டிய வீட்டில் உங்களுக்கு என்ன வேலை?"

கூடத்தில் யாரும் வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை. சிலர் அருளம்பலத்தைக் கோபமாகப் பார்த்தார்கள். இரண்டு பேர் மட்டும் அம்மையாரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையும் அவ்வளவு நன்றாக இல்லை.

அம்மையார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். உடைந்த இடத்தில், அன்று காலையில்தான் பொருத்திய புதுக் கண்ணாடி ஒன்று இருந்தது.

"சாக்கில் அதுதான் இருந்தது. ஊரில் கண்ணாடி வெட்டுகிறவர் நடேசு ஒருவர்தான். இரண்டாவதை நாளைக்குத் தருகிறேன் என்றார். பையன்களிடமும் சொல்கிறேன் என்றார். சொல்வாரோ மாட்டாரோ."

"அந்த வீடு?"

"முத்துக்குமாருவின் அக்கா வீடு. கொடி அவள் புருஷன் கட்டியது. வந்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். வரமாட்டேன் என்றார்."

அருளம்பலம் உட்காரவில்லை. "அப்படியானால் அந்த ஓட்டு?"

அம்மையார் தன் இலைக்குத் தண்ணீர் தெளித்தார். அவர் கண் எந்தப் பக்கமும் போகவில்லை.

அப்போது குழம்புச் சட்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. சமையல்காரர் ஐயாத்துரை கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். பதினெட்டு வருஷமாக அந்த மடத்துக்குச் சோறு போடுகிறவர்.

"அது நான் போட்டதுங்க, அண்ணே."

யாரும் நம்பவில்லை. ஒருவர் சிரித்தேவிட்டார்.

"நான்தான். என் தம்பி படகைக் கூட்டரசுக் காவல்காரங்க மீன்பிடி எல்லை தாண்டிட்டான்னு பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. படகு பெருந்தீவுத் துறைமுகத்துல கிடக்கு. அதை மீட்கப் போய் அலைஞ்சு அலைஞ்சு அங்கேயே காய்ச்சல் வந்து செத்துப்போனான். ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கினப்ப அவன் முகம்தான் வந்தது. வேற ஒண்ணும் எனக்குத் தெரியலை."

கரண்டியிலிருந்து குழம்பு அவர் பாதத்தில் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"அம்மாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். 'உங்க ஓட்டு, சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம், என் வாயால வராது'ன்னுட்டாங்க. முத்துக்குமாரு போனப்ப சொல்லியிருக்கணும். பால் டம்ளரைப் பார்த்தேன். என் சோத்தையும் இப்படி வச்சுட்டுப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அருளம்பலம் தன் இலையைப் பார்த்தார். பாதி சாப்பிட்டிருந்தது. உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தார்.

கை கழுவிவிட்டு நேரே வலைஞர் தெருவுக்குப் போனார். முத்துக்குமாரு கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"தப்பு செய்துவிட்டேன்," என்றார் அருளம்பலம்.

"கொட்டில்மேல ஏன் கல் விழலைன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மாடு சினையா இருக்கு, மிரண்டா கன்னு கலைஞ்சிடும்னு அந்தப் பசங்ககிட்டக் கெஞ்சியிருந்தேன். மடத்துமேலயும் எறியாதீங்கடான்னுதான் சொன்னேன். அதைக் கேட்கலை."

அருளம்பலம் அங்கேயே வெயிலில் நின்றார். வெகுநேரம் கழித்து முத்துக்குமாரு, "மாடு தீனி எடுக்குதா?" என்று கேட்டார்.

"சரியாக எடுக்கவில்லை."

மறுநாள் முத்துக்குமாரு திரும்பி வந்தார். மாட்டுக்காக வந்ததாகச் சொன்னார். பால் டம்ளரை அருளம்பலத்தின் முன்னால் வைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருளம்பலம் தினமும் அதை வாங்கிக் குடித்தார்.

கீழே ஊரில் மறு எண்ணிக்கை கேட்டு ஒரு கூட்டம் நடந்தது. அதைக் கலைக்க இன்னொரு கூட்டம் போனது. நாலு பேருக்கு மண்டை உடைந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அருளம்பலம் அம்மையார் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒன்று கேட்க வேண்டும்."

"கேளுங்கள்."

"நான் முதலில் கேட்க வந்த அன்றே உங்களுக்கு எல்லாம் தெரியும். ஒரு மனிதர் அவமானப்பட்டு இறங்கிப் போய்விட்டார். நான் உங்களையே சந்தேகப்படுகிற அளவுக்குப் போனேன். ஐயாத்துரை பெயரைச் சொல்லாமலாவது, எனக்கு வழியொன்று காட்டியிருக்கக் கூடாதா?"

"யார் என்று கேட்டு வந்தீர்கள், அருளம்பலம். அதற்கு என்னிடம் வழி இல்லை. நம்மில் ஒருவர் ஏன் அப்படிப் போட்டிருப்பார் என்று கேட்டு வந்திருந்தால், ஒவ்வொருவரிடமும் உங்களோடு நானும் வந்திருப்பேன்."

அருளம்பலம் ஜன்னல் வழியே கீழே ஊரைப் பார்த்தார்.

"ஏன் என்ற அந்தக் கேள்வியோடு ஊரிலிருந்தும் இதுவரை ஒருவரும் மேலே வரவில்லை," என்றார் அம்மையார்.