சிவப்புத் திரையும் ராஜாவின் கால் கட்டைவிரலும்

முன்னொரு காலத்தில், கடலைப் பார்த்து நின்ற ஒரு கோட்டையில் ஒரு ராஜா இருந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் காலையில் அவருக்கு ஓர் ஆசை வந்தால், மாலைக்குள் அது ஊருக்கே சட்டமாகிவிடும். அவருடைய சபையில் இடும்பன் என்று ஒரு விகடகவி இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. அழுகிறவர்களை ராஜாவின் கண்ணில் பட வைப்பதும் அவர் வேலைதான். அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, அவராகவே பார்த்துவந்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டார் வந்து பேசும்போது, அந்தப் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி ஒரு கனத்த சிவப்புத் திரைக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். ராஜாவின் பாட்டனார் காலத்தில் ஒரு துபாஷி வியாபாரியோடு கண்ஜாடை பேசி ஏமாற்றிவிட்டானாம். அன்றைக்குத் தொங்கவிட்ட திரையை யாரும் அவிழ்க்கவே இல்லை. துபாஷிக்குக் குரல் மட்டும் கேட்கும். பேசுகிறவர் முகமும் தெரியாது, கையும் தெரியாது.

ஒருநாள் ஓர் இங்கிலீஷ் கப்பல் தலைவன் பரிசுகளோடு சபைக்கு வந்தான். திரைக்குப் பின்னால் துபாஷி கஸ்தூரிராயர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கப்பல் தலைவன் ஒரு மரப்பெட்டியை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டி, "லைட்! லைட்!" என்று சிரித்தான்.

"விளக்கு வேண்டுமாம், மகாராஜா" என்றார் ராயர்.

உச்சி வெயிலில் குத்துவிளக்கு வந்தது. கப்பல் தலைவன் விளக்கைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான், விளக்குக்கு ஒரு கும்பிடு போட்டு வைத்தான். திரைக்குப் பின்னால் யாரோ ராயரின் காதில் நடந்ததைச் சொல்ல, அவருக்கு வேர்த்துவிட்டது.

மாலையில் மேகம் கூடிச் சபை இருண்டது. கப்பல் தலைவன் ஒரு பெரிய பித்தளைக் கடிகாரத்தைச் சுமந்து வந்தான். முள் இருக்குமிடம் தெரியாமல் தடவிக்கொண்டு, "லைட்! லைட்!" என்றான்.

மதியம் பட்ட பாடு ராயருக்கு நினைவிருந்தது. "கனமே இல்லையாம், மகாராஜா" என்றார்.

"அப்படியா?" என்று ராஜா ஒற்றைக் கையை நீட்டினார். கடிகாரம் கைக்கு வந்த வேகத்திலேயே காலுக்கு இறங்கியது. கட்டைவிரலின்மேல் உட்கார்ந்து, டாண் டாண் என்று மணியும் அடித்தது. சபை முழுவதும் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டது.

மறுநாள் ராஜா விரலில் மஞ்சள் பற்றும் துணிக்கட்டுமாக வந்து உட்கார்ந்தார். ஆஸ்தான வித்வான் ஏகாம்பரக் கவிராயர் எழுந்தார். துபாஷி வேலையைத் தம் மருமகனுக்கு வாங்கிவிட வேண்டும் என்று வெகுநாளாக ஏங்கிக்கொண்டிருப்பவர் அவர்.

"மகாராஜா, ஒரே சொல்லுக்கு மதியம் ஒரு பொருள், மாலையில் ஒரு பொருள். இது மொழிபெயர்ப்பா, அல்லது அரசரின் திருவடிக்கே வைத்த குறியா?"

ராஜாவின் விரல் விண்ணென்று தெறித்தது. "ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும்! அந்த 'லைட்' எந்த இடத்தில் வந்தாலும் பொருந்துகிற மாதிரி தமிழில் ஒரு சொல், தெலுங்கில் ஒரு சொல், பாரசீகத்தில் ஒரு சொல் நாளைக்குள் வர வேண்டும். துறைமுக வாசலில் கல்லில் வெட்டி வைப்பேன். முடியாவிட்டால் ராயர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகட்டும்!"

ராயருக்கு வீடுதான் கண்முன் வந்தது. வீட்டில் அவர் மகள் கமலாம்பாள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். அவளை எந்த வண்டியில் ஏற்றி, எந்த ஊருக்குக் கொண்டுபோவது?

இடும்பன் எழுந்தார். "மகாராஜா, எங்கும் பொருந்துகிற சொல்லை நான் கொண்டுவருகிறேன்."

"கொண்டுவராவிட்டால் நீரும் ராயரோடு மூட்டை கட்டுவீரா?" என்றார் கவிராயர்.

"கட்டுகிறேன். என் மூட்டை என்ன பெரிய கனமா, கவிராயரே? லைட்!"

அன்று மாலை இடும்பன் ராயர் வீட்டுக்குப் போனார். ராயர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஓய் இடும்பரே, எதுக்கய்யா நடுவுல வந்து தலையைக் கொடுத்தீர்? அப்படி ஒரு சொல் எந்த பாஷையிலயும் கிடையாது. வெளிச்சம்னா ஒண்ணு, கனமில்லேன்னா ஒண்ணு, பத்த வைன்னா இன்னொண்ணு. அவன் கையில என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்திருந்தா நான் தப்பாச் சொல்லியிருப்பேனா?"

"அதைச் சபையில சொல்லலாமே?"

"திரையைக் குத்தம் சொன்னா ராஜாவோட பாட்டனாரைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். அதுக்கு வேற தண்டனை!"

அப்போது உள்ளேயிருந்து கமலாம்பாள், "அம்மா…" என்று மெல்ல முனகினாள். ராயரின் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். ஒரு தலையணையை எடுத்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். கமலாம்பாள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

இடும்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ராயரின் மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டு, போகும் வழியில் அம்மன் சந்நிதியில் கைகூப்பினார். கேட்க ஒன்றும் இல்லை, நன்றிதான் சொன்னார்.

மறுநாள் சபை கூடியது. "சொல் எங்கே?" என்றார் ராஜா.

"இருக்கிறது, மகாராஜா. கல்லில் வெட்டுமுன் ஒரு சோதனை. தாங்களும் கவிராயரும் திரைக்குப் பின்னால் அமர வேண்டும். வெளியே சிலர் ஒரு சொல் சொல்வார்கள். இங்கிலீஷ் இல்லை, தமிழ்தான். பொருளைச் சொல்லி, அவர்களுக்கு வேண்டியதைச் செய்துவைக்க வேண்டும்."

"தமிழைத் தமிழில் மொழிபெயர்ப்பதா?" என்று கவிராயர் சிரித்துக்கொண்டே போனார். ராஜா நொண்டிக்கொண்டே போனார்.

"அம்மா!" என்றது ஒரு குரல்.

"தாய், மகாராஜா. பெற்றவள். சந்தேகமே இல்லை" என்றார் கவிராயர்.

"அவனுடைய தாயை அழைத்து வாருங்கள்!" என்றார் ராஜா. ஒரு காவலன் ஓடினான்.

"அம்மா…" என்று இழுத்தது இன்னொரு குரல். "அவளுக்கும் தாயை அழைத்து வாருங்கள்!" இன்னொரு காவலன் ஓடினான்.

"அம்மா" என்று மூன்றாவதாக ஒரு குரல் மெதுவாக வந்தது. ராஜா வாயைத் திறப்பதற்குள் முதல் காவலன் திரும்பி வந்துவிட்டான். "மகாராஜா, கூப்பிட்டவருக்கே பல்லெல்லாம் விழுந்துபோச்சு. அவரோட தாயை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

அதற்குள் முதல் குரல் மறுபடியும் கேட்டது. இப்போது அதில் மூச்சு வாங்கியது. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

துறைமுகத்தில் சுமை தூக்கும் கிழவர் ஒருவர் முதுகில் உப்பு மூட்டையோடு குனிந்து நின்றார். பாரம் அவரை அழுத்தாதபடி இடும்பன் மூட்டைக்கு அடியில் தம் தோளைக் கொடுத்திருந்தார். ராஜா கட்டைவிரலை மறந்து ஓடிவந்து மூட்டையைப் பிடித்தார்.

"ஐயோ சாமி, நீங்க தொடலாமா?"

"பேசாதே, மெல்ல இறக்கு."

பக்கத்தில் ஒட்டிய வயிறோடு ஒரு பெண் ஓட்டுச்சட்டியை ஏந்தி நின்றாள். ராஜா யாரையும் கேட்கவில்லை. "மடைப்பள்ளியில் இலை போட்டு, இவர்கள் இருவரையும் உட்கார வையுங்கள்" என்றார்.

மூன்றாவதாக நின்றவள் ராயரின் மனைவி. சுவரில் தீட்டியிருந்த அம்மன் படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தாள்.

"இவளுக்கு என்ன வேண்டும்?" என்றார் ராஜா.

"அவள் தங்களிடம் கேட்கவில்லை, மகாராஜா" என்றார் இடும்பன். "அம்பாளிடம் கேட்கிறாள். ஆனால் கேட்டது தங்கள் கையில் இருக்கிறது. அவள் மகளுக்கு, ராயரின் பெண்ணுக்கு, இந்த ஊரிலேயே நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும்."

கவிராயர் தலை குனிந்தார். இடும்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கவிராயர் சொன்ன பொருளில் ஒரு பிழையும் இல்லை, மகாராஜா. அவர் உட்கார்ந்த இடத்தில்தான் பிழை. ராயரும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்கிறவர் முகத்தைப் பார்த்தால் தாங்களே துபாஷி ஆகிவிடுகிறீர்களே!"

ராஜா திரும்பித் திரையைப் பார்த்தார். "பாட்டனார் என்னை மன்னிக்கட்டும். இதை இன்றே அவிழ்த்துவிடுங்கள்" என்றார். உடனே அவருக்குப் பழைய பிடிவாதமும் நினைவுக்கு வந்துவிட்டது. "அதெல்லாம் சரி. எங்கும் பொருந்துகிற சொல்லைக் கொண்டுவருவதாகச் சொன்னீரே! கல் காத்திருக்கிறது."

"கொண்டுவந்ததைத் தாங்களே இப்போது சொல்லிவிட்டீர்கள். 'என்ன வேண்டும்?' லைட் என்று சொல்கிறவனிடமும் பொருந்தும், அம்மா என்று சொல்கிறவளிடமும் பொருந்தும். தமிழிலும் தெலுங்கிலும் பாரசீகத்திலும் வெட்டச் சொல்லுங்கள். துறைமுகத்தில் வந்து இறங்குகிற எவனுக்கும் முதலில் காதில் விழவேண்டிய வார்த்தை அதுதானே?"

ராஜா கடகடவென்று சிரித்தார். வார்த்தை கல்லில் ஏறியது. அரண்மனை மருத்துவச்சி பல்லக்கில் ராயர் வீட்டுக்குப் போனாள். சிவப்புத் திரை துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கப் பந்தலாயிற்று. அதன் கீழே நீர்மோர்ப் பானையும் வந்தது.

அன்று மாலை கப்பல் தலைவன் சபைக்கு வந்தான். ராயர் ராஜாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வந்தவன் ராஜாவின் விரலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தான். முகம் வாடினான். கடிகாரத்தை இரண்டு கையாலும் கஷ்டப்பட்டுத் தூக்கி, தலையைப் பலமாக ஆட்டி, "நாட் லைட்!" என்றான்.

ராயர் வாயைத் திறந்தார். ராஜா கையமர்த்தினார். "வேண்டாம் ராயரே! இதை என் கட்டைவிரலே மொழிபெயர்த்துவிட்டது!"

சபை கொல்லென்று சிரித்தது. எல்லாரையும்விட ராஜா அதிகமாகச் சிரித்தார். சிரித்தபடியே தம் பொற்கடகத்தைக் கழற்றி இடும்பனிடம் கொடுத்தார். இடும்பன் அதைக் கையில் வைத்து மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார். பிறகு கப்பல் தலைவன் பக்கம் திரும்பி, அவனைப் போலவே தலையை ஆட்டி, "நாட் லைட்!" என்றார்.

கவிராயர்கூட விழுந்து விழுந்து சிரித்தார்.