குயிற்குன்றில் ஒன்பது நாள்

உப்பும் மிளகும் மாட்டு வண்டியில் மலை தாண்டிப் போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அந்துவன் என்றொரு வணிகன் இருந்தான். ஐம்பது வண்டிகள் சேர்ந்து போகும் சாத்துக்கு அவன்தான் தலைவன். அவன் குரல் கேட்டால் வண்டிகள் கிளம்பும், அவன் குரல் கேட்டால் நிற்கும்.

என்ன குரல் என்கிறீர்கள்! சுங்கச் சாவடியில் பேசினால் காவலர் வழி விடுவார்கள். சந்தையில் பேசினால் கூட்டம் கூடும். வழக்கில் பேசினால் எதிராளி தலை குனிவான். பேசித் தோற்றதே இல்லை அவன்.

ஐம்பத்தைந்தாவது வயதில் அந்தக் குரல் கட்டிக்கொண்டது. வைத்தியர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஒன்பது நாள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் போன குரல் திரும்பாது" என்றார்.

"இவரா? ஒன்பது நாளா?" என்று அவன் மனைவி சிரித்துவிட்டாள். "வீட்டில் இருந்தால் ஒன்பது நாழிகை தாங்கமாட்டார். குயிற்குன்றுக்கு அனுப்புங்கள்."

குயிற்குன்றில் துறவியரின் குகைகள் இருந்தன. மழை ஓய்ந்ததும் ஊர்க்காரர்கள் சிலர் அங்கே போய் ஒன்பது நாள் மௌனம் இருப்பார்கள். அங்கே தலைமைத் துறவி ஓர் அம்மையார். அந்துவனுக்கு மகள் வயது இருக்கும். வந்தவனிடம் அவர் சொன்னது கொஞ்சம்தான்.

"பேச வேண்டாம். சைகையும் வேண்டாம். உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். மனம் எங்காவது ஓடும். மாட்டைத் திருப்புவதுபோலத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அடிக்காதீர்கள்."

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே அந்துவன் குகைக்குள் போய்த் தனக்கென்று விட்டிருந்த கற்படுக்கையில் உட்கார்ந்தான். பக்கத்துப் படுக்கையைப் பார்த்தான். 

அங்கே பிட்டன் உட்கார்ந்திருந்தான்.

பிட்டன் யார் தெரியுமா? ஒரு காலத்தில் அந்துவனின் உயிர்த் தோழன். பன்னிரண்டு ஆண்டுகளாக முகத்தில் விழிக்காதவன். ஒரு காட்டாற்றைக் கடக்கும்போது பிட்டனின் வண்டி வெள்ளத்தில் போயிற்று. கன்றிலிருந்து அவன் வளர்த்த மயிலை, செவலை என்ற இரண்டு காளைகளும் போயின. யார் குற்றம் என்று சபை கூடியது. பிட்டனுக்குத் திக்குவாய். அந்துவன் பேசினான், வென்றான். அன்றிலிருந்து பிட்டனுக்கு 'மாட்டைக் கொன்றவன்' என்று பெயர். ஊரைவிட்டே போய்விட்டான்.

இப்போது இருவருக்கும் நடுவே ஒரு முழ இடம். பேசவும் கூடாது, எழுந்து போகவும் முடியாது.

முதல் மூன்று நாள் அந்துவனுக்குக் கால் மரத்தது, முதுகு வலித்தது, மூக்கு நுனியில் கொசு உட்கார்ந்தது. வாய்தான் மூடியிருந்ததே தவிர, உள்ளே வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 'அவன்தான் சொன்னான். எல்லோரும் கேட்டார்கள். என்மேல் என்ன தப்பு?' இப்படியே காலையில் வாதாடினான், கஞ்சி குடிக்கும்போது வாதாடினான், அந்தியில் வாதாடினான். எதிர்வாதம் செய்ய ஆளில்லை. அதனால் அலுத்துப்போயிற்று.

அடுத்த மூன்று நாள் பழைய காலம் வந்தது. மூச்சைப் பார்த்தால் மிளகு மூட்டையின் வாசம் அடித்தது. புளியந்தோப்பில் வண்டிகளை அவிழ்த்துவிட்டு, மழைக்கு ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த இரண்டு இளைஞர்கள் தெரிந்தார்கள். பிட்டன் பாடுவான். பாடும்போது மட்டும் அவனுக்குத் திக்காது. பேச வேண்டி வந்தால் திக்கி நிற்பான், தோழனின் முகத்தைப் பார்ப்பான். "இவன் சொல்ல வருவது இதுதான்" என்று அந்துவன் எடுத்துச் சொல்வான். ஒருநாளும் பிசகியதில்லை. பிட்டனுக்குப் பெண் பேசியதுகூட அந்துவன்தான். நினைக்க நினைக்க அவன் கண் கசிந்தது. அந்த நாட்கள் எவ்வளவு லேசாக இருந்தன!

ஏழாம் நாள் நினைவில் அந்தக் காட்டாறு வந்தது. அதே வெள்ளம், அதே செம்மண் நிறம். இருட்டுமுன் அக்கரை சேர வேண்டும் என்று அந்துவனுக்கு அவசரம். முன்வண்டியில் இருந்த பிட்டன் தண்ணீரைப் பார்த்தான், தோழனைத் திரும்பிப் பார்த்தான். "வே... வே..." என்றான்.

"வேகமாக ஓட்டச் சொல்கிறான்! ஓட்டுங்கள்!" என்று ஒரு குரல் கத்தியது. பின்னாலிருந்த வண்டிகள் நெருக்கின. பிட்டனின் வண்டி நிற்க இடமில்லாமல் இறங்கியது.

அந்தக் குரல் யாருடையது?

எட்டாம் நாளும் அது கேட்டது. ஒன்பதாம் நாளும் கேட்டது. பிட்டன் சொல்ல வந்தது 'வேண்டாம்'. அது அப்போதே அந்துவனுக்குப் புரிந்திருந்தது. பேசிப் பேசித்தான் அதைப் பன்னிரண்டு ஆண்டுகள் மூடி வைத்திருந்தான்.

பத்தாம் நாள் காலை மௌனம் முடிந்தது. எல்லோரும் வெளியே வந்து கலகலவென்று பேசினார்கள். அந்துவன் தொண்டையைச் செருமிப் பார்த்தான். பழைய குரல் மணிபோல வந்தது. இந்தக் குரலால் எதையும் மூடிவிடலாம், இப்போதும்.

"தலைவரே, முதல் பேச்சு உங்களுடையதுதான்!" என்று கூட்டம் சூழ்ந்தது.

அந்துவன் எல்லோர் முன்னாலும் பிட்டனிடம் போனான்.

"பிட்டா, அன்றைக்கு நீ சொல்ல வந்தது வேண்டாம் என்று. எனக்குப் புரிந்தது. புரிந்தும் மாற்றிச் சொன்னேன். சபையிலும் அதையே சொன்னேன்."

 பிட்டன் உதடுகளைக் கூட்டினான்.

"தெ... தெரியும். உ... உனக்குப் பு... புரிந்தது எனக்குத் தெ... தெரியும்" என்றான். நெடுநேரம் திக்கினான். அந்துவன் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்காமல் நின்றான். "மா... மாடு போனதற்காக நா... நான் ஊரைவிட்டுப் போகவில்லை, அ... அந்துவா."

ஐம்பத்தைந்து வயது வணிகன் குழந்தைபோல அழுதான். பிட்டன் தன் மேல்துண்டை எடுத்து நீட்டினான்.

அந்துவன் ஊர் திரும்பியதும் சபையைக் கூட்டி அதையே சொன்னான். சபை அவனைத் தலைமையிலிருந்து இறக்கியது. அவன் மறுவார்த்தை பேசவில்லை. மறுவருடம் சாத்து கிளம்பியபோது கடைசி வண்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். பிட்டன் பாடிக்கொண்டே ஓட்டினான். அந்துவன் கேட்டுக்கொண்டே போனான்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்வது இதுதான்: நன்றாகப் பேசத் தெரிந்தவன், தன் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று முதலில் பேசாமல் இருந்து பார்க்க வேண்டும்.