பெயர் ஒட்டாத பாட்டில்

குரு என்றால் தாடியும் சீடன் என்றால் இளமையும் எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கதையின் குரு பூங்கோதைக்கு முப்பத்திரண்டு வயது. சீடர் மாசிலாமணிக்குத் தலை முழுக்க நரை. ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை அருங்காட்சியகத்தில் இருவரும் உதவியாளர்கள். தேர்வுப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவருக்கு, பாம்பு மிதக்கும் பாட்டிலை எப்படிப் பிடிப்பது, ஃபார்மலின் திரவம் கண்ணில் தெறிக்காமல் எப்படி மாற்றுவது என்று கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அன்று முதல் "குருவே" என்றே கூப்பிடுவார்.

ஜூன் மாதம் அவருக்கு ஓய்வு.

அவருடைய தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற மறுநாள் செத்தால் மாலை வரும். பணியில் இருக்கும்போதே செத்தால் மாலையோடு மகள் தமயந்திக்கு வாரிசு வேலையும் வரும். எம்.ஏ. படித்துவிட்டு அவள் ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டிருக்கிறாள். இவர் இதயமோ மாத்திரையை விட்டால் தாங்காது என்பது டாக்டரின் வாக்கு.

பொங்கல் கழிந்ததும் மாத்திரையை விட்டுவிட்டார். பல்கலைக்கழக மருந்தகத்தில் இலவசமாகக் கொடுப்பதை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் கேள்வி வருமே.

ஒருநாள் ஆமை பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"குருவே, உங்கப்பா போனப்புறம் உனக்கு வாரிசு வேலை ஆர்டர் வர ரொம்ப நாளாச்சா?"

"ஏண்ணே?"

"சும்மாதான். பொது அறிவு."

பூங்கோதை துணியைக் கீழே வைத்தாள்.

"டீ குடிச்சதும் ஒரு மாத்திரை போடுவீங்களே. இப்பல்லாம் காணோம்?"

"டாக்டர் நிறுத்திட்டார்."

"எந்த டாக்டர்?"

சீடர் ஆமையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஆமை.

அவள் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டின் மூலையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அங்கே எல்லாப் பாட்டிலிலும் லத்தீன் பெயர் ஒட்டியிருக்கும். இதில் எதுவும் இல்லை. திரவமும் இல்லை. உள்ளே முக்கால்வாசி வெள்ளை மாத்திரைகள்.

"இது எந்தப் பிராணி?" சிரிக்கப் பார்த்தார்.

"எங்கப்பா."

சிரிப்பு நின்றது.

"அவரும் இதே இடத்துலதானே வேலை பார்த்தார். நான் சேர்ந்த புதுசுல, நட்சத்திர மீனுக்குப் பின்னாடி இருந்துச்சு. அதுவரைக்கும் மாரடைப்பு தானா வந்துச்சுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவர் பேர்ல வர்ற பென்ஷன்லதான் அம்மா சாப்பிடறாங்க. எப்படிண்ணே சொல்றது?"

"தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"முடியல. தினம் துடைக்கிறேன்."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். மாத்திரைகள் கிலுகிலுத்தன. ஆனாலும் தன் தர்க்கத்தை விடவில்லை.

"இருந்தாலும்... வேலை கிடைச்சுதே, குருவே. இன்சூரன்ஸ், லீவு, மாசம் பொறந்தா சம்பளம். உட்கார நாற்காலி."

"ஆமாண்ணே. எல்லாம் கிடைச்சுது."

பாட்டிலை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினாள். பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு நட்சத்திர மீனைச் சற்று நகர்த்தினாள்.

"பக்கத்துல இன்னொரு பாட்டிலுக்கு இடம் விட்டிருக்கேன். தமயந்தி வரட்டும். எப்படித் துடைக்கிறதுன்னு நான் சொல்லித் தரேன்."