மேல்கோம்பைக்கு நேரே ஒரு சொல்

மலையும் சமவெளியும் பாதிப் பாதியாக இருந்த மாவட்டம் அது. அதன் சுகாதாரத் துணை இயக்குநர் வேதரத்தினத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. மருத்துவம் அவருக்கு அத்துப்படி. எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து என்று பங்கு போடும் வித்தையைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கற்றுக் கொடுத்தவர் அதே அலுவலகத்துப் புள்ளிவிவர உதவியாளர் அங்கயற்கண்ணி. அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

முதலில் விளையாட்டாகத்தான் அவரைக் "குருவம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். போகப் போக அதில் விளையாட்டு இல்லாமல் போயிற்று.

"இனிமே நம்ம லீவு லெட்டரைக்கூட குருவம்மாவுக்குக் காணிக்கை வச்சுத்தான் கொடுக்கணும் போல" என்பார் தலைமை எழுத்தர். அங்கயற்கண்ணி காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

அன்று மத்தியானம் பாம்புக்கடி மருந்துப் பங்கீட்டில் வேதரத்தினம் கையெழுத்துப் போட வேண்டும். வரும் வருஷத்துக்கு, மாவட்டம் முழுவதுக்குமாக, அறுநூறு குப்பி. ஐந்து மணிக்குள் தாள் மேலிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு முறை பேனாவைத் திறந்தார். இரண்டு முறை மூடினார்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் நஞ்சன் உட்கார்ந்திருந்தார். மலைமேல் மேல்கோம்பைக்காரர். பத்து நாளைக்கு முன்னால் அவர் மனைவி மாதியைப் பாம்பு கடித்தது. துணியில் தொட்டில் கட்டிக் கீழே தூக்கி வந்தார்கள். பாதி இறக்கத்தில் இறக்கி வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் அவசரம் இல்லை.

அடுத்த மாதம் மேலே ராகி அறுப்பு; பாம்பு அதிகம் நடமாடும் நேரம். அதற்குள் மருந்து வந்து சேருமா என்று கேட்டு வரச் சொல்லி ஊரார் அவரையே அனுப்பியிருந்தார்கள்.

வேதரத்தினத்தால் அந்தப் பெஞ்சின் பக்கம் பார்க்க முடியவில்லை.

"குருவம்மா, நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதானே பங்கு போட்டேன்? போன வருஷம் எங்க எத்தனை கேஸோ, அதுக்கேத்த குப்பி. நான் எங்க தப்பு பண்ணேன்?"

"மேல்கோம்பை வரியை வாசிங்க சார். சத்தமா."

வாசித்தார். "மேல்கோம்பை ஆரம்ப சுகாதார நிலையம். பாம்புக்கடி. நில்."

பெஞ்சில் இருந்த நஞ்சன் சட்டென்று எழுந்து நின்றார். தோள் துண்டு கைக்கு வந்துவிட்டது.

"உக்காரக் கூடாதுங்களா? தெரியாதுங்க சாமி."

தலைமை எழுத்தர் சிரித்துவிட்டார். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு கட்டுக் காகிதத்துக்குள் முகத்தைக் கொண்டுபோனார்.

"உங்களைச் சொல்லலைங்க அண்ணா" என்றார் அங்கயற்கண்ணி. "அது இங்கிலீஷு. நில்னா ஒண்ணும் இல்லைனு அர்த்தம்."

"எதுங்க ஒண்ணும் இல்லை?"



வேதரத்தினம் அவரை உள்ளே கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். நஞ்சன் உட்காரவில்லை.

"உங்க பக்கம் இந்த ஒரு வருஷத்துல எத்தனை பேரைப் பாம்பு கடிச்சிருக்கும்?"

எண்ணிக்கையாக நஞ்சனுக்குச் சொல்ல வரவில்லை. மனசுக்குள்ளேயே வீடு வீடாக நடந்து, ஆளுக்கு ஒரு விரல் மடக்கினார்.

"கரியன். கரியன் தம்பி மக. மேல்பாடியில மாமியாளும் மருமகளும், ஒரே நாள்ல. ரங்கன்... அவன் பொழச்சுக்கிட்டான், கால்தான் போச்சு." அடுத்த கையின் கட்டைவிரல் மடங்கவில்லை. "அப்புறம் எங்க வீட்டுலங்க."

"அங்கயே டாக்டர் இருக்காரே. ஒருத்தர்கூட அவர்கிட்டப் போகலையா?"

"தங்கமான மனுஷனுங்க. ஆனா அங்க மருந்து இல்லைனு எங்களுக்குத்தான் தெரியுமே. போனா நேரந்தான் போகும். நேராக் கீழ இறங்கிருவோம்."

வேதரத்தினம் தாளையே பார்த்தார். மருந்து இல்லையென்று ஆள் வரவில்லை. ஆள் வரவில்லையென்று மருந்து போகவில்லை. மூன்று வருஷத் தாளிலும் அதே சொல்.

"கட்டத்தைக் காலியா விட்டிருந்தாலாவது, ஏன் காலியா இருக்குன்னு கேட்டிருப்பேன்."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி முதல்ல காலியாத்தான் அனுப்பினாங்க சார். அப்ப அங்க டாக்டரே கிடையாது." அங்கயற்கண்ணியின் குரல் இறங்கிவிட்டது. "காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது, நில் போட்டு அனுப்புங்கன்னு ட்ரெய்னிங்ல சொல்லிக் கொடுத்தவ நான்தான்."



வேதரத்தினம் பேனாவை எடுத்தார். ஆறு என்று எழுதப் போன கை நின்றது.

"தலைப்புல 'சிகிச்சை பெற்றவர்கள்'னு போட்டிருக்கே. ரங்கனும் கீழ வந்துதான் வைத்தியம் பாத்திருக்கான். அங்க ஆறுன்னு எழுதினா பொய்யாயிடுமே குருவம்மா."

"எழுத வேண்டாம் சார்."

அங்கயற்கண்ணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டவுன் ஆஸ்பத்திரி வரியில் நூற்றிருபது குப்பி. போன வருஷம் அங்கே நாற்பது குப்பி தேதி முடிந்து குழியில் கொட்டப்பட்டது எல்லோருக்கும் தெரியும். நூற்றிருபதை அடித்து எண்பது என்று எழுதினார். மேல்கோம்பைக்கு நேரே நாற்பது குப்பி. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் நில் அப்படியேதான் இருந்தது.

நஞ்சனுக்கு எழுத்து தெரியாது. பேனா போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸே இல்லாத ஊருக்கு எதுக்கு நாற்பதுன்னு மேலிடத்துல கேப்பாங்க. அதுக்கு நான் பதில் எழுதிக்கறேன்" என்றார் வேதரத்தினம். "ஆனா டவுன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் சும்மா விடமாட்டாரே. நாளைக்குக் காலையில பத்து மணிக்கெல்லாம் இங்க வந்து குதிப்பாரு."

அங்கயற்கண்ணி தாளையும் பேனாவையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"குதிக்கட்டும் சார். உசிரோட இங்க வந்து சேர முடியறவருதானே."