அடுக்கிய சோறு

சீமைக்குப் போய்த் திரும்பியதிலிருந்து ஜமீன்தார் விஜயரங்கபூபதிக்கு வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். "கண்டபடி குவித்தால் அது 'ஹீப்'. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 'ஸ்டாக்'. ஹீப் காட்டுமிராண்டிகளுக்கு! இனி அரண்மனையில் எல்லாமே ஸ்டாக். குவியலைக் கண்டேனோ, வேலை போய்விடும்!" என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் வெள்ளைக்காரக் கலெக்டருக்கு விருந்து. இலையில் பொரியலும் கூட்டும் வந்தாயிற்று, சோற்றைக் காணோம். சமையற்காரி வேலாத்தாள் ஜமீன்தார் இலைமுன் குனிந்து, ஒரு பருக்கைமேல் இன்னொரு பருக்கையை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி கூத்து இது?"

"ஸ்டாக்குங்க எசமான். மூணாவது பருக்கை நிக்க மாட்டேங்குது. பொழுது சாயறதுக்குள்ள ஒரு கவளம் அடுக்கிப்போடறனுங்க."

குழம்பு ஆறியது. ஜமீன்தாரின் வயிறு கடமுடா என்றது.

"அட, குவிச்சுப் போடு தாயீ!"

வேலாத்தாள் நிமிர்ந்தாள். "அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க. உத்தரவு மாறினது துரைக்கும் தெரியட்டும்."

"ஹீப்!" என்று அலறினார் ஜமீன்தார்.

அன்னக்கூடை வந்தது. சோற்றை மலையாகக் குவித்து, நடுவில் குழி பறித்து, குழம்பை நிறைய ஊற்றினாள் வேலாத்தாள். நெய் மணம் எழுந்தது.

கலெக்டர் துரை தன் இலையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கும் ஹீப்!"